போட்டாச்சா, போடலையா?

"அஞ்சு மாத்திரை மட்டும் குடுங்க" என்று கேட்டால் மெடிக்கல்காரர் கத்தரிக்கோலை எடுப்பார். பத்து மாத்திரை அட்டை இரண்டாகும். மருந்தின் பெயர் ஒரு பாதியோடு போகும். காலாவதித் தேதியும் தொகுப்பு எண்ணும் மறுபாதியோடு தங்கிவிடும். வாங்கிப் போகிறவருக்கு எந்தப் பாதி வாய்க்கும் என்பது கத்தரிக்கோல் எந்தப் பக்கமிருந்து நுழைந்தது என்பதைப் பொறுத்தது. அதிகம் விற்கும் 300 மருந்துகளின் உறையில் கியூஆர் குறி அச்சிட்டிருக்க வேண்டும் என்று 2023 ஆகஸ்ட் 1 முதல் இந்தியாவில் விதி இருக்கிறது. அந்தக் குறியும் கத்தரிக்கோலுக்குத் தப்புவதில்லை.

ராயகிரி, தென்காசி மாவட்டத்தில் சிவகிரி வட்டத்துப் பேரூராட்சி. மேற்கே பார்த்தால் மலை. வயலுக்கும் தோட்டத்துக்கும் கூலி வேலைக்குப் போகிற ஊர். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் நகரத்துக்காரர்களின் நோய் என்ற பேச்சு இங்கேயும் எப்போதோ பழசாகிவிட்டது. அறுபது தாண்டியவர்கள் இருக்கும் வீட்டில் மாத்திரைக்கென்று ஓர் இடம் கட்டாயம் உண்டு: ஜவுளிக்கடை கேரி பை, பழைய பிஸ்கட் டின், சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிற மாடக்குழி. அரசு மருத்துவமனையில் கொடுத்த காகிதக் கவரும், கடையில் வெட்டித் தந்த அட்டையும், காது வலிக்கு எப்போதோ வாங்கிய நாலு கேப்சூலும் அதில் ஒன்றாகக் கிடக்கும்.

இந்தப் பக்கத்தில் எந்தக் காலையிலும் காதில் விழக்கூடிய பேச்சு ஒன்று.

"ஆச்சி, காலையில சுகர் மாத்திரை போட்டாச்சா?"

"போட்டேன்னுதான் நெனைக்கேன். டீ குடிச்சேம்லா, அப்பப் போட்டிருப்பேன்."

"அப்ப கவர்ல ஏன் இத்தன கெடக்கு?"

"அது போன மாசத்து மிச்சம் தாயி."

ஆச்சி பொய் சொல்லவில்லை. தினமும் ஒரே நேரத்தில், ஒரே டம்ளர் தண்ணீரோடு செய்கிற வேலையை மூளை தனித்தனி நிகழ்ச்சியாகப் பதிந்து வைப்பதில்லை. நேற்றுப் போட்டதும் இன்று போட்டதும் ஒரே நினைவாகக் கலந்துவிடும். கதவைப் பூட்டினோமா என்று பாதி வழியில் சந்தேகம் வருவதும் இதனால்தான். பூட்டை ஒருமுறை திரும்பப் போய் இழுத்துப் பார்த்தால் நட்டமில்லை. மாத்திரையை இன்னொரு முறை போட்டுப் பார்க்க முடியாது. கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை இரட்டிப்பானால் ரத்தச் சர்க்கரை சரிந்து, வேர்த்துக் கொட்டி, நினைவு தப்பும் அளவுக்குப் போகலாம்.

கிழமைக்கு ஓர் அறை உள்ள ஏழு நாள் மாத்திரை டப்பா இந்தச் சந்தேகம் ஒன்றைத்தான் தீர்க்கிறது. செவ்வாய்க்கிழமை காலை அறை காலியாக இருந்தால் போட்டாச்சு. மாத்திரை கிடந்தால் போடலை. அதற்கு மேல் எதையும் அது செய்வதாக நம்பினால் தொல்லை ஆரம்பிக்கும்.

இந்த யோசனையின் முன்னோடிகளில் ஒன்று கருத்தடை மாத்திரைக்காகப் பிறந்தது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஜெனீவா என்ற ஊரில் இருந்த பொறியாளர் டேவிட் வாக்னர், மனைவி டோரிஸ் அன்றைய மாத்திரையைப் போட்டாரா இல்லையா என்ற வாக்குவாதம் வீட்டில் ஓயாததால், கிழமைகளை எழுதிய காகிதத்தின் மேல் மாத்திரைகளை வரிசையாக வைத்துப் பார்த்தார். ஏதோ தட்டிவிட எல்லாம் தரையில் சிதறின. பிறகுதான் பிளாஸ்டிக்கைத் துளைத்து, ஒரு நாளைக்கு ஒன்று வெளியே வரும் வட்டத்தட்டைச் செய்து 1962-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அடுத்த ஆண்டே அதைப் போன்ற சுழல் தட்டு கடைக்கு வந்துவிட்டது. அதில் இருந்தது ஒரே மருந்து, ஒரே அளவு, நாளுக்கு ஒரு முறை. ராயகிரி ஆச்சியின் கேரி பையில் அஞ்சு மருந்து, மூன்று வேளை.

கதையின் இன்னொரு கிளை சென்னைக்கு வருகிறது. 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வழிவந்ததுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், சென்னை மாநில அரசு நான்கும் சேர்ந்து நடத்திய முயற்சி. காசநோயாளியைச் சானடோரியத்தில் படுக்க வைத்தால்தான் குணமாகுமா, வீட்டிலேயே மாத்திரை போட்டாலும் ஆகுமா என்பது கேள்வி. 193 நோயாளிகளைக் கொண்டு நடந்த அந்த ஆய்வின் முடிவு 1959-இல் வெளியானபோது, நெரிசலான வீட்டில், அரைகுறைச் சாப்பாட்டோடு இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்குக் கிட்டத்தட்ட இணையாகத் தேறியது தெரிந்தது. காசநோய் சிகிச்சையை உலகம் முழுக்க வீட்டுக்குக் கொண்டுவந்தது அந்த முடிவு.

ஆனால் வீட்டுக்கு மாத்திரையைக் கொடுத்து அனுப்பினால் போடுகிறார்களா என்று யார் பார்ப்பது? மையத்தின் முதல் இயக்குநர் வாலஸ் ஃபாக்ஸ் நோயாளியின் வாய்வார்த்தையை மட்டும் நம்பி இருந்துவிடவில்லை. ஆட்கள் சொல்லாமல் வீட்டுக்குப் போவார்கள். மிச்சமுள்ள மருந்தை எண்ணுவார்கள். சிறுநீரை வாங்கி மருந்தின் தடயம் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். ஒரு நோயாளி தானாக மருந்து எடுத்துக்கொள்வது என்பதே தனியாக ஆராய வேண்டிய விஷயம் என்று ஃபாக்ஸ் 1950-களிலேயே எழுதினார். படிப்பறிவில்லாத ஏழைகளின் சிக்கல் என்று இதை ஒதுக்க முடியாது. 2003-இல் உலக சுகாதார நிறுவனம் கணக்குப் பார்த்தபோது, வளர்ந்த நாடுகளிலேயே நாள்பட்ட நோய்க்கு மருந்து எடுப்பவர்களில் சராசரியாகப் பாதிப் பேர்தான் சொன்னபடி எடுக்கிறார்கள் என்று தெரிந்தது.

அறுபது ஆண்டு கழித்து அதே சென்னை நிறுவனத்து ஆட்கள் அதே வேலையை மறுபடி செய்தார்கள். இந்த முறை சோதிக்கப்பட்டது '99டாட்ஸ்' என்ற ஏற்பாடு. மாத்திரை அட்டையைச் சுற்றி ஓர் உறை. மாத்திரையைப் பிதுக்கினால் பின்னால் ஒளிந்திருக்கும் தொலைபேசி எண் தெரியும். அந்த எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் அன்றைய மருந்து போட்டதாகப் பதிவாகும். மலிவானது, சாதாரண போனே போதும். நல்ல யோசனைதான். சென்னை, வேலூர், மும்பையில் சொல்லாமல் வீட்டுக்குப் போய்ச் சிறுநீரைச் சோதித்த ஆய்வு 2020-இல் வெளியானது. போன் பதிவும் சிறுநீரும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. மாத்திரை போட்டவர்களில் கணிசமானோர் மிஸ்டு கால் கொடுக்கவே இல்லை. கருவி சொல்வது கருவிக்கு நடந்ததை மட்டும்; தொண்டைக்குள் நடந்தது அதற்குத் தெரியாது.

டப்பாவுக்கும் இதே கதிதான். அமெரிக்காவில் 53,480 பேரைக் கொண்டு நடந்து 2017-இல் வெளியான ஆய்வொன்றில் சாதாரண மாத்திரை டப்பா, புட்டியில் ஒட்டி, நாளுக்கு ஒன்றாகத் தள்ளிவிடும் பட்டை, கடைசியாகத் திறந்த நேரத்தைக் காட்டும் மூடி மூன்றையும் தபாலில் அனுப்பிப் பார்த்தார்கள். எதுவும் அனுப்பப்படாதவர்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் ஒன்றும் தேறவில்லை. தபாலில் வரும் டப்பாவைத் திறந்து, நிரப்பி, தினமும் பார்க்கிற பழக்கம் தபாலில் வராது.

சரி, டப்பாவால் பயன் குறைவு, கெடுதல் இல்லையே என்று தோன்றலாம். கெடுதலும் உண்டு. இங்கிலாந்தின் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் ஒரு வினோதத்தைக் கவனித்தார்கள். மறதியால் விட்டு விட்டு மருந்து போட்டுக்கொண்டிருந்த முதியவர்களுக்கு டப்பா கொடுத்து ஒழுங்காகப் போட வைத்ததும் சிலருக்கு உடம்பு கெட்டது. சர்க்கரை தாழ்ந்தது, தடுமாறி விழுந்தார்கள்.

காரணம் யோசித்தால் எளிது. ஒருவர் வாரத்தில் நாலு நாள்தான் பிரஷர் மாத்திரை போடுகிறார். அது மருத்துவருக்குத் தெரியாது. அழுத்தம் குறையவில்லையே என்று அளவைக் கூட்டுகிறார், இன்னொரு மாத்திரையைச் சேர்க்கிறார். சீட்டில் இருப்பது ஏழு நாள் கணக்கு, உடம்பு பழகியது நாலு நாள் கணக்கு. சென்னையில் இருக்கிற மகன் பொங்கலுக்கு வரும்போது நல்லெண்ணத்தில் ஒரு டப்பா வாங்கி வந்து நிரப்பிக் கொடுக்கிறார். அப்பாவும் முதல் தடவையாக எல்லா மாத்திரையையும் எல்லா நாளும் போடுகிறார். அந்த வாரம் கட்டிலை விட்டு எழுந்திருக்கும்போது கண் இருட்டுகிறது. டப்பா வாங்குவதற்கு முன் மருத்துவரிடம் ஒருமுறை உண்மையைச் சொல்லி, முதல் இரண்டு மூன்று வாரம் அழுத்தத்தையும் சர்க்கரையையும் கூடுதலாகச் சோதிக்க வேண்டியிருப்பது இதனால்தான். கடைகளில் டப்பா விற்கிறார்கள். இந்தக் குறிப்பை யாரும் சேர்த்துக் கொடுப்பதில்லை.

அடுத்த சிக்கல் உறை. அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கிய கணத்தில் அது பெயரையும் தேதியையும் மட்டும் இழக்கவில்லை. அலுமினியத் தாளுக்குள் இருந்தவரை ஈரமும் வெளிச்சமும் அதை எட்டவில்லை. குற்றாலத்தில் சாரல் பிடிக்கும் மாதங்களில் தென்காசிப் பக்கம் வீட்டில் பொரித்து வைத்த அப்பளம் அரை மணி நேரத்தில் நமுத்துப் போகும். டப்பாவில் கிடக்கும் மாத்திரைக்கும் அதே காற்றுதான். இதய நோயாளிகள் போடும் ஆஸ்பிரின் ஈரம் பட்டால் சாலிசிலிக் அமிலமாகவும் அசிட்டிக் அமிலமாகவும் பிரியும். அசிட்டிக் அமிலம் என்பது வினிகரின் புளிப்பு. டப்பாவைத் திறந்ததும் புளித்த வாடை அடித்தால் அந்த மாத்திரையைத் தூக்கி எறிவது நல்லது. வலிப்புக்குக் கொடுக்கும் சோடியம் வால்ப்ரோயேட் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கசியும். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் டாபிகாட்ரான் கேப்சூலை மாத்திரை டப்பாவில் வைக்கவே கூடாது என்று தயாரித்தவர்களே எழுதியிருக்கிறார்கள். தைராய்டு மாத்திரைக்கு வெளிச்சமும் ஈரமும் ஆகாது. அது வரும் புட்டியிலேயே இருக்கட்டும். நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் ஆவியாகிப் போகும் தன்மை உடையது. அதை டப்பாவில் போட்டு வைத்தால், தேவைப்படும் அன்று மாத்திரை இருக்கும், மருந்து இருக்காது.

கோடையில் கதை வேறு. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மத்தியான வெக்கையில் ஓர் அலமாரியின் மேல்தட்டு எவ்வளவு சூடாகும் என்று கை வைத்துப் பார்த்தாலே போதும். பெரும்பாலான உறைகளில் 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லி அச்சிட்டிருக்கும். அடுப்பங்கரை, டிவிக்கு மேலே, ஜன்னல் திட்டு எல்லாம் தப்பான இடங்கள். அதற்காகப் பிரிட்ஜில் வைப்பதும் உதவாது. வெளியே எடுக்கும்போதெல்லாம் மாத்திரை வேர்க்கும். இதற்கு ஒரு நடுவழி உண்டு. மாத்திரையைப் பிதுக்காமல், அட்டையோடு ஒவ்வொன்றாக வெட்டி அறையில் போடுவது. உறை கெடாது. ஆனால் கண் மங்கியவர்கள் சில சமயம் அட்டையோடு விழுங்கிவிடுவார்கள். அலுமினிய விளிம்பு உணவுக்குழலைக் கிழித்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. பார்வை நன்றாக உள்ளவர்களுக்கு மட்டும் பொருந்தும் வழி அது. மற்றவர்களுக்கு ஒரு வாரத்துக்கு மட்டும் நிரப்புவதே உத்தமம். ஒரு மாத டப்பா பார்க்க அழகாக இருக்கும். சாரல் காலத்துக்கு ஆகாது.

எதையெல்லாம் டப்பாவில் போடக்கூடாது என்ற வரிசையில் மெத்தோட்ரெக்சேட்டுக்குத் தனி இடம். முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் கொடுக்கும் இந்தச் சின்ன மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினம் ஒன்று என்று நினைத்து ஏழு அறையிலும் போட்டுவிட்டால் வாய் வெந்து, ரத்த அணுக்கள் சரிந்து, உயிரே போகலாம். உலகின் பல நாடுகளில் போயும் இருக்கிறது. இதோடு கொடுக்கப்படும் ஃபோலிக் அமில மாத்திரையும் பல சமயம் சின்னதாய், மஞ்சளாய், பார்வைக்கு இதைப்போலவே இருப்பது கூடுதல் ஆபத்து. மெத்தோட்ரெக்சேட் அதன் உறையிலேயே, தனியாக, எந்தக் கிழமை என்று கொட்டை எழுத்தில் எழுதப்பட்டு இருக்க வேண்டும். ரத்தப் பரிசோதனைக்கு ஏற்ப அளவு மாறிக்கொண்டே இருக்கும் வார்ஃபரினும் டப்பாவுக்குத் தோதானதல்ல.

சாப்பாட்டு நேரம் வேறு. கிளிமிபிரைடு சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், மெட்ஃபார்மின் சாப்பாட்டோடு அல்லது பின்னால், தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில். டப்பாவில் 'காலை' என்று ஒரே அறை இருந்தால் மூன்றும் ஒன்றாக உள்ளே போய்விடும். சாப்பிட்டாரா இல்லையா என்பதும் டப்பாவுக்குத் தெரியாது. ஆடித்தபசுக்கு விரதம் இருந்து சங்கரன்கோவிலுக்குப் போகிறவர், சஷ்டிக்கு ஒருவேளையோடு நிறுத்துகிறவர், அறையில் கிடக்கிறதே என்று சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுக் கூட்டத்தில் நின்றால் மயங்கி விழுவார். விரத நாளுக்கு என்ன செய்வது என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். விட்டுப்போன வேளைக்குச் சேர்த்து அடுத்த வேளையில் இரண்டாகப் போடுகிற பழக்கமும் இங்கே பரவலாக உண்டு; அதுவும் ஆபத்து. சந்தேகம் என்றால் 104-க்குப் போன் போட்டுக் கேட்கலாம்; தமிழக அரசின் மருத்துவ ஆலோசனை எண் அது.

கடையில் கிடைக்கும் மலிவான டப்பாக்களில் ஒரு சின்னக் கூத்து உண்டு. மூடிகளில் கிழமைகளின் ஆங்கில முதலெழுத்து மட்டும் இருக்கும்: எஸ், எம், டி, டபிள்யூ, டி, எஃப், எஸ். டி இரண்டு, எஸ் இரண்டு. ஆங்கிலம் தெரிந்தவரே செவ்வாயா வியாழனா என்று ஒரு கணம் நிற்பார். மூடியில் சின்னத் தாள் ஒட்டி ஞா, தி, செ, பு, வி, வெ, ச என்று எழுதிவிட்டால் ஏழும் ஏழு விதம். எழுத்துத் தெரியாதவர்களுக்குக் காலைக்குச் சூரியன், ராத்திரிக்குப் பிறை வரைந்து ஒட்டலாம். மூட்டு வலியால் விரல் மடங்காதவர் வாங்கும் முன் மூடியைத் தானே திறந்து பார்க்க வேண்டும். நகத்தால் நெம்ப வேண்டிய டப்பா அவருக்கு உதவாது. அதே சமயம் எளிதாகத் திறக்கும் டப்பா பேரக்குழந்தைக்கும் எளிதாகத் திறக்கும். கிளிமிபிரைடு வகை மாத்திரை ஒன்றே ஒன்று இரண்டு வயதுக் குழந்தையின் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். கொலுசு மாட்டிய கால் ஏற முடியாத உயரத்தில் டப்பா இருக்க வேண்டும்.

நிரப்புவது தனி வேலை. நல்ல வெளிச்சத்தில், டிவியை அணைத்துவிட்டு, ஒரே ஆள் உட்கார்ந்து செய்ய வேண்டியது. ஒரு மருந்தை எடுத்து ஏழு நாளுக்கும் போட்டு முடித்து, அந்த அட்டையை ஓரமாக வைத்த பிறகே அடுத்த மருந்து. கடைசியில் ஒவ்வோர் அறையிலும் எத்தனை என்று எண்ணி, சீட்டோடு ஒப்பிட வேண்டும். மருந்தின் வேதிப்பெயர், அளவு, 1-0-1 கணக்கு, எதற்காக என்பது ஆகிய நான்கும் எழுதிய தாள் டப்பாவோடு ரப்பர் பேண்டு போட்டு இருக்கட்டும். வேதிப்பெயர் ஏன் என்றால், அரசு மருத்துவமனையில் அம்லோடிபின் என்று தருவதையே தனியார் மருத்துவர் வேறொரு கம்பெனிப் பெயரில் எழுதுவார். இரண்டும் ஒன்றென்று தெரியாமல் இரண்டையும் போடுகிறவர்கள் உண்டு. வெட்டிய அட்டையில் அச்சிட்ட பாதியையும் எறியாமல் வைத்திருந்தால் 108 ஆம்புலன்ஸில் வருகிறவருக்கே உதவும்.

இதையெல்லாம் யார் செய்வது என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் பாதி விடை 2021 ஆகஸ்ட் 5-இல் கிடைத்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' அன்று தொடங்கியது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். ஏற்கெனவே மருந்து எடுப்பவர்களுக்கு வீட்டுவாசலிலேயே தருகிறார்கள். 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது ஒன்றும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது. கூலி வேலைக்குக் காலையில் கிளம்பி, மத்தியான மாத்திரையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிற பெண்ணுக்கு டப்பாவைவிடப் பயன்படுவது இந்த வருகைதான். "மத்தியான மாத்திரையை வேற வேளைக்கு மாத்தித் தர முடியுமான்னு டாக்டர்ட்ட கேளுங்கக்கா" என்று ஒரு தன்னார்வலர் சொல்லும் ஒரு வாக்கியம் இருபத்தொரு அறை டப்பாவைவிடவும் மேல். மூன்று வேளையை இரண்டாக்குவது, இரண்டு மருந்தை ஒரே மாத்திரையில் தருவது, தேவையற்றதை நிறுத்துவது: மருத்துவர் செய்யக்கூடிய இவற்றுக்கு எந்த டப்பாவும் ஈடில்லை. பிரிட்டனின் ராயல் மருந்தியல் சங்கமும் 2013-இல் கிட்டத்தட்ட இதையே சொன்னது: முதல் தேர்வு மருந்து அதன் சொந்த உறையிலேயே இருப்பதும் கூட ஆள் துணையும், ஆளைப் பார்த்துத் தேவை என்றால் மட்டும் டப்பா.

அப்படித் தேவைப்பட்டு வாங்கியவர்களுக்கு அந்த டப்பாவில் இன்னொரு பயன் இருக்கிறது, பலர் அதை வீணாக்குகிறார்கள். வாரக் கடைசியில் எந்த அறைகளில் மாத்திரை மிச்சம் என்பது மருத்துவருக்கு வேண்டிய தகவல். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது டப்பாவை அப்படியே எடுத்துப் போய்க் காட்டலாம். திட்டு விழுமே என்று மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, காலி டப்பாவோடு போய் உட்காருகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு அடுத்த சீட்டில் அஞ்சு மில்லிகிராம் பத்தாகிவிடும்.